செயற்கைக் காலும் ஜமாஅத்தின் கடமையும்



ஜும்ஆத் தொழுகையில் இமாம் ஸலாம் கொடுத்தவுடன், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் மருத்துவமனைச் சீட்டுகளைக் கையில் ஏந்தியபடி எழுந்து நின்று உதவி கேட்பது நம் பள்ளிவாசல்களில் புதிய காட்சியன்று. அவர் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேர் சுன்னத்துக்கு எழுந்துவிடுவார்கள். மீதிப் பேர் வாசலில் விரித்திருக்கும் துண்டில் பத்தும் இருபதும் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். கேட்டவர் யார், எந்த ஊர், அவருக்கு எவ்வளவு தேவை, கிடைத்த பணம் போதுமா என்று எவரும் விசாரிப்பதில்லை. அடுத்த வாரம் அவர் வேறொரு பள்ளிவாசலில் நிற்பார்.

இந்தத் துண்டு வசூலால் தீரும் தேவைகளும் உண்டு. ஆனால் அதனால் ஒருபோதும் தீராத ஒரு தேவையைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம். புற்றுநோயால் காலை இழந்த ஒரு பிள்ளைக்குச் செயற்கைக் கால் பொருத்துவது என்பதே அது.

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் பாலவனத்தம் இருக்கிறது. 1901-ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர் அது. கொடையால் பெயர் பெற்ற அந்த மண், மழைக்கு ஏங்கும் மண்ணும் ஆகும். கண்மாய் நிறைந்தால் வெள்ளாமை. நிறையாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதும், அருப்புக்கோட்டைக்கு மில் வேலைக்கோ தறி வேலைக்கோ போவதுமே பிழைப்பு. திருச்சுழி வரையிலும் இதே நிலைதான். அப்படிப்பட்ட ஊரில் நாட்கூலி வாங்கும் ஒரு தகப்பனாரையும், பன்னிரண்டு வயதாகும் அவருடைய மகனையும் எண்ணிப் பாருங்கள். மதுரைக்கு ஒரு நாள் போய் வந்தால் தகப்பனாரின் கூலியும் தாயாரின் கூலியும் சேர்ந்து போய்விடும். மேலே பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு. புற்றுநோய் சிகிச்சை என்பது இப்படிப் பல மாதங்கள் போய் வருவதாகும்.

நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பில் தோன்றும் புற்றுநோய்களுள் சிறுவர்களையும் இளைஞர்களையும் அதிகமாகப் பீடிப்பது ஆஸ்டியோசார்கோமா என்பதாகும். எலும்பு வேகமாக வளரும் பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள் இது பெரும்பாலும் தோன்றுகிறது. முழங்காலைச் சுற்றிய இடத்தில்தான், அதாவது தொடை எலும்பின் கீழ்முனையிலோ அதற்கு அடுத்த எலும்பின் மேல்முனையிலோ, மிகுதியாகக் காணப்படுகிறது. பையன் விளையாடும்போது எங்கேயோ விழுந்திருப்பான். வலிக்கிறது என்று சொன்னால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் கட்டு வைத்தியரிடம் அழைத்துச் சென்று பத்தை வைத்துக் கட்டுவார்கள். இதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும்.

பெற்றோர்களே! வளரும் பிள்ளைக்கு மூட்டருகே வலி வாரக்கணக்கில் குறையாமல் இருந்தாலோ, இரவுத் தூக்கத்தைக் கலைத்தாலோ, அவ்விடத்தில் வீக்கம் கண்டாலோ உருவுவதை நிறுத்திவிட்டு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது ஒன்றுமில்லாத வலியாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது எக்ஸ்ரேதான், எண்ணெய்க் கிண்ணம் அன்று.

1970-களுக்கு முன்பு இந்நோய்க்குக் காலை அகற்றுவது ஒன்றே வழியாக இருந்தது. அகற்றிய பிறகும் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் முன்பே நுரையீரலுக்குச் சென்றிருந்ததே காரணம். கீமோதெரபி மருந்துகள் வந்த பிறகு நிலைமை மாறிற்று. உடலின் பிற பகுதிக்குப் பரவுவதற்கு முன் கண்டுபிடித்து முழுச் சிகிச்சையும் பெற்றால் இன்று பத்துப் பேரில் ஆறு ஏழு பேர் நலமடைகிறார்கள். முதலில் இரண்டு மூன்று மாதங்கள் மருந்து, அதன்பின் அறுவை சிகிச்சை, அதன்பின் மீண்டும் மருந்து என்பதே பொதுவான முறை. பலருக்குக் காலை எடுக்காமல், நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி உலோக எலும்பைப் பொருத்திவிடவும் முடிகிறது. நோயாளியின் அளவுக்கேற்ப அத்தகைய உலோக எலும்பைச் செய்து பொருத்தும் முறையை நம் நாட்டில் வளர்த்தவர்களில் முன்னோடி, சென்னையைச் சேர்ந்த டாக்டர் மயில்வாகனன் நடராஜன் ஆவார். 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எனினும் கட்டி பெரிய இரத்தக் குழாயையும் நரம்பையும் சூழ்ந்துவிட்டால் உயிரைக் காப்பாற்றக் காலை எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடிவரும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. "கால் இல்லாமல் என் பிள்ளை எப்படி வாழும்?" என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் எவரும் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. காலை எடுத்த பிறகு பிள்ளை நடக்கும், பள்ளிக்கூடம் போகும், அதற்கான பொறுப்பை ஊர் ஏற்றுக்கொள்ளும் என்று ஒருவர் உடன் நின்று சொல்லியிருந்தால் பலர் திரும்பியிருக்க மாட்டார்கள். செயற்கைக் கால் என்பது சிகிச்சைக்குப் பிறகு யோசிக்க வேண்டிய செலவு என்று நினைக்கிறோம். உண்மையில் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் துணிவையே அதுதான் தருகிறது.

செயற்கைக் காலைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உள்ளது. கண்ணாடி வாங்குவதைப் போல ஒரு முறை வாங்கிவிட்டால் முடிந்தது என்று கருதுகிறோம். எஞ்சிய காலைத் தாங்கும் சாக்கெட், மூட்டு, குழாய், பாதம் ஆகியவை சேர்ந்ததே செயற்கைக் கால். இவற்றுள் முக்கியமானது சாக்கெட். அது அந்த ஒரு பிள்ளையின் காலுக்கு அளவெடுத்துச் செய்யப்படுவது, இன்னொருவருக்குப் பொருந்தாது. அறுவை முடிந்த புதிதில் காலின் முனை வீங்கியிருக்கும். அதை மீள்கட்டுத் துணியால் முறையாகச் சுற்றிச் சுற்றி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கீமோதெரபி நடக்கும்போது உடல் மெலியும், முடிந்தபின் தேறும். அதற்கேற்பச் சாக்கெட் தளர்ந்துபோகும், அல்லது இறுகிப்போகும். ஆகவே முதலில் தற்காலிகக் கால், பின்னர் நிலையான கால் என்று பொருத்துவதே வழக்கம்.

அதோடு பிள்ளை வளர்கிறது அல்லவா? நல்ல கால் வளரும்; செயற்கைக் கால் வளராது. பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் வளர்ச்சி நிற்கும் வரை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறையும் புதிய கால் தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. இடையில் சாக்கெட்டை மட்டும் மாற்ற வேண்டியும் வரும். முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டிருந்தால் மூட்டும் சேர்த்துப் பொருத்த வேண்டியிருப்பதால் செலவு இன்னும் கூடும். தனியாரிடம் இத்தகைய கால் ஓர் இலட்சம் ரூபாயிலிருந்து பல இலட்சம் வரை ஆகிறது. ஒரு வெள்ளிக்கிழமை வசூலில் முதல் காலை வாங்கிக் கொடுத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். ஒன்றரை ஆண்டில் அது கட்டையாகிப் போய், நடந்தால் இடுப்பு சாய்ந்து, உரசிய இடம் புண்ணாகி, அந்தக் கால் மூலையில் சாத்தி வைக்கப்படுகிறது. பிள்ளை மீண்டும் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொள்கிறது. பிறகு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுகிறது. இரண்டாவது முறை கேட்கப் பெற்றோருக்கு முகம் இல்லை.

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸின் வரலாறு பலருக்குத் தெரிந்திருக்கும். 1977-இல், பதினெட்டு வயதில், இதே ஆஸ்டியோசார்கோமாவால் அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. புற்றுநோய் மருத்துவமனையில் தம்முடன் இருந்த சிறு பிள்ளைகளின் வேதனையைக் கண்ட அவர், ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். காலின் முனை புண்ணாகி இரத்தம் கசிந்தபோதும் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து செப்டம்பர் 1 அன்று நிறுத்தினார். 1981 ஜூன் 28 அன்று இறந்தார். அவருடைய மன உறுதியைப் பேசுவோர் அந்தப் புண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு வீரருக்கே அப்படியென்றால், சரியாகப் பொருந்தாத காலை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கும் சிறுவனின் நிலையை எண்ணுங்கள். அவருடைய வரலாற்றில் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. சிகிச்சை முடிந்த பிறகும் மருத்துவர் குறித்துக் கொடுத்த நாட்களில் நெஞ்சுப் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும்.

செயற்கை உறுப்பு ஆடம்பரமா, அவசியமா என்ற ஐயம் நம்மில் சிலருக்கு இருக்கலாம். அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) என்னும் நபித்தோழர், இஸ்லாத்துக்கு முந்தைய காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்தியிருந்தார்; அது நாற்றமெடுத்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குக் கட்டளையிட்டார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. தங்கம் ஆண்களுக்கு விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். விலக்கப்பட்ட பொருளையே இந்தத் தேவைக்காக அனுமதித்தார்கள் என்றால், தேவையின் தகுதி எத்தகையது என்பது விளங்கும். மேலும் ஒரு நுட்பம்: மூக்கு இல்லாவிட்டாலும் அவர் மூச்சு விட்டிருப்பார், உயிர் வாழ்ந்திருப்பார். மனிதர் நடுவே கூச்சமின்றி நடமாட வேண்டும் என்பதும் நபியவர்களின் பார்வையில் தேவையாகவே இருந்தது. மலிவான பொருள் சரிப்படாதபோது, சரிப்படும் பொருளையே அவர்கள் காட்டிக் கொடுத்தார்கள் என்பதையும் உதவி செய்வோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, கேட்பது யார் என்ற கேள்விக்கு வருவோம். யாசகத்தை மார்க்கம் வெறுக்கிறது. ஆனால் கபீஸா பின் முகாரிக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று (முஸ்லிம்) மூவருக்கு விலக்கு அளிக்கிறது. பிறருக்காகப் பொறுப்பேற்றுக் கடன்பட்டவர், பேரிடரால் பொருளை இழந்தவர், வறுமை வந்தடைந்தவர் ஆகியோரே அம்மூவர். மூன்றாமவரைப் பற்றிக் கூறும்போது, அவருடைய சமூகத்தைச் சேர்ந்த விவரமறிந்த மூன்று பேர் எழுந்து, இவருக்கு வறுமை வந்தது உண்மை என்று கூற வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படுகிறது. இதை யாசகம் கேட்பவருக்கான கட்டுப்பாடாகவே நாம் படித்து வருகிறோம். அது ஊராருக்கான கடமையும் ஆகும் என்றே எமக்குத் தோன்றுகிறது. மூன்று பேர் எழுந்து சொல்ல வேண்டுமானால், அந்த மூன்று பேர் முன்னதாக அந்த வீட்டுக்குப் போய் நிலைமையை அறிந்திருக்க வேண்டுமே! நம் பள்ளிவாசலில் எழுந்து நிற்பவர் ஒருவரே, பாதிக்கப்பட்டவர் மட்டுமே. அவருக்காக எழ வேண்டிய மூவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தன்மானத்தால் பிறரிடம் வற்புறுத்திக் கேட்காதவர்களை, அறியாதவர் செல்வந்தர் என்று எண்ணிவிடுவார் என அல்பகறா அத்தியாயத்தின் 273-ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. நாட்கூலிக் குடும்பங்களில் இத்தகையோர் பலர். தாயார் காதில் கிடக்கும் தோட்டைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கென்ன குறை என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தோடும் அடுத்த மாதம் அடகுக் கடைக்குப் போகப்போவது நமக்குத் தெரியாது.

உமய்யா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் (ஆட்சி கி.பி. 705–715) தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை ஏற்படுத்தி அவர்களை யாசகத்திலிருந்து விடுவித்தார் என்றும், நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் அமர்த்தினார் என்றும் வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். இதே வலீதைக் காணச் சென்ற பயணத்தில்தான், மதீனாவின் பெரும் அறிஞர் உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்களின் காலில் அழுகல் நோய் ஏற்பட்டு, கால் துண்டிக்கப்பட்டது. அப்பயணத்திலேயே மகனையும் இழந்தார்கள். எடுத்துக்கொண்டதை விட விட்டுவைத்தது அதிகம் என்று இறைவனைப் புகழ்ந்தார்கள். பொறுமைக்கு இதை விட உயர்ந்த எடுத்துக்காட்டு அரிது. ஆனால் நோயாளியின் வீட்டுக்குச் சென்று உர்வாவின் கதையை மட்டும் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதை நாம் ஏற்பதற்கில்லை. உர்வா அவர்களைச் சுற்றி மகன்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள், கலீஃபாவின் மருத்துவர்கள் இருந்தார்கள். பொறுமை பாதிக்கப்பட்டவருடையது; பாரம் சுமப்பது மற்றவருடையது.

அப்படியானால் ஜமாஅத் என்ன செய்வது? முதல் வேலை பணம் வசூலிப்பது அன்று. ஏற்கெனவே இருக்கும் கதவுகளைத் தட்டுவது. தமிழ்நாட்டில் 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிந்தால் அட்டை கிடைக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைகள் பலவும் இதில் அடங்கும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் நம் பகுதி மக்கள் நாடும் இடங்கள். பின்னதை 1954-இல் தொடங்கியவர், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையில் கையொப்பம் வாங்க வேண்டும். இதைத் தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போய் வருவோர் பலர்.

கால் அகற்றப்பட்டபின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற வேண்டும். யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். 40 விழுக்காடு என்ற வரம்பைக் கால் இழந்த பிள்ளை எளிதில் கடந்துவிடும். இந்த அட்டை இருந்தால்தான் அடுத்த கதவுகள் திறக்கும். விருதுநகர் ஆட்சியர் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் செயற்கைக் காலுக்கு மனுக் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கு உபகரணங்கள் வழங்கும் ஏ.டி.ஐ.பி. என்னும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் உள்ளது. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது; அங்கே செயற்கை உறுப்புகள் செய்து பொருத்துகிறார்கள்.

ஜெய்ப்பூர்க் கால் பற்றியும் சொல்ல வேண்டும். 1968 வாக்கில் ராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது அது. மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் ஷூ அணிந்து நாற்காலியில் அமர்வோருக்காகச் செய்யப்பட்டவை. நம் மக்களோ வெறுங்காலுடன் நடப்பவர்கள், தரையில் சம்மணமிடுபவர்கள், குந்தி அமர்பவர்கள், சேற்றில் இறங்குபவர்கள். அதற்கேற்ப வளைந்து கொடுக்கும் இரப்பர்ப் பாதத்தை அவர்கள் வடிவமைத்தார்கள். ஜெய்ப்பூரில் 1975-இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இதை ஏழைகளுக்கு இலவசமாகப் பொருத்தி வருகிறது. முழங்காலுக்கு மேலே இழந்தோருக்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து மலிவான மூட்டு ஒன்றும் உருவாக்கப்பட்டது. டைம் இதழ் அதை 2009-ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக அறிவித்தது. தரையில் ஸஜ்தா செய்யும் நம் பிள்ளைகளுக்கு எந்த வகைக் கால் உகந்தது என்பதைப் பொருத்துபவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. விலை கூடிய கால் எல்லாம் நம் வாழ்க்கைக்குப் பொருந்திவிடாது.

இவ்வளவு அலுவலகங்களுக்கும் அலைவது யார்? நாட்கூலிக்காரர் ஒருவரால் இயலாது. மனு எழுதத் தெரிந்த, அலுவலகத்தில் பேசக் கூச்சப்படாத ஒரு வாலிபரை ஜமாஅத் இதற்கென்று ஒப்படைக்க வேண்டும். அவர் அந்தக் குடும்பத்துடன் போய் வரும் பயணச் செலவைப் பைத்துல்மால் ஏற்க வேண்டும். ஒரு பட்டதாரி இளைஞரின் நான்கு வேலை நாட்கள், இருபதாயிரம் ரூபாய் நன்கொடைக்குச் சமமாகும் சந்தர்ப்பம் இதுவே.

அரசு வழியில் கிடைக்காததற்கும், காத்திருக்க முடியாததற்கும் ஸகாத் இருக்கிறது. ஏழை, வறியவர் என்ற வகையில் இக்குடும்பம் அதற்கு உரியது. சிகிச்சைக்காகக் கடன்பட்டிருந்தால் கடனாளி என்ற வகையிலும் உரியது. சிறு பிள்ளையின் வறுமை தகப்பனாரின் நிலையைக் கொண்டே பார்க்கப்படும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். தாயாரிடம் நகை இருக்கிறதே என்று பிள்ளையை விலக்க வேண்டியதில்லை. தொகையைப் பிள்ளையின் பொறுப்பாளரிடம் உடைமையாக ஒப்படைத்து, அவர் மூலம் காலுக்குச் செலுத்தச் செய்வது பேணுதலானது. ரமளான் வரட்டும் என்று பலர் காத்திருப்பார்கள். அறுவை சிகிச்சை ரபீஉல் அவ்வலில் நடந்தால் காலின் முனை ரமளான் வரை காத்திருக்காது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு மூட்டு மடங்கியபடியே இறுகிப்போகும். அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் ஸகாத்தை உரிய காலத்துக்கு முன்பே கொடுக்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதீயில் உள்ளது. வசதியுள்ளோர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளை எந்தச் சமயத்தைச் சேர்ந்ததானாலும், அதற்கு ஸதக்கா நிதியிலிருந்து உதவ எந்தத் தடையும் இல்லை.

புகைப்பட விஷயத்தில் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெட்டப்பட்ட காலைத் திறந்து காட்டும் படத்துடன், பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், கைப்பேசி எண் அனைத்தையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பணம் வருகிறதோ இல்லையோ, அந்தப் படம் நிற்காது. பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் யாரோ ஒருவர் அதை "அவசரம்" என்று அனுப்பிக்கொண்டிருப்பார். பெண் பிள்ளையாக இருந்தால் இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. கொடுத்த தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் வீணாக்கக் கூடாது என்பது திருமறையின் கட்டளை. படமெடுத்துப் பரப்புவது சொல்லிக்காட்டுவதில் சேராதா? ஜமாஅத்தின் முத்திரையிட்ட கடிதம், மருத்துவமனையின் மதிப்பீட்டுச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் ஆகிய மூன்றும் போதும். கடிதத்தில் மூன்று பேர் கையொப்பமிடட்டும். வந்த தொகையும் செலவும் பள்ளிவாசல் கணக்கில் எழுதப்படட்டும்.

பெண் பிள்ளைக்கு அளவெடுக்கப் பெண் பணியாளர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாயார் உடனிருக்கட்டும். இதைக் காரணமாக்கி அவளை வீட்டிலேயே முடக்கிவிடாதீர்கள்.

தொழுகையைப் பற்றிப் பெற்றோர் கேட்பதுண்டு. கணுக்காலுக்கு மேலே அகற்றப்பட்டிருந்தால் உளூவில் அந்தக் காலைக் கழுவும் கடமை நீங்கிவிடுகிறது. செயற்கைக் காலைக் கழுவ வேண்டியதில்லை, கழற்றவும் வேண்டியதில்லை. கடமையான குளிப்பில் மட்டும் அதைக் கழற்றி, எஞ்சிய காலின் தோலில் தண்ணீர் படச் செய்ய வேண்டும். நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது அனைவரும் அறிந்த சலுகை. மதரஸாவில் மற்றப் பிள்ளைகள் தரையில் அமரும்போது இந்தப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். தனி மூலையில் அன்று, அதே வரிசையின் ஓரத்தில்.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. சிகிச்சையில் ஓராண்டு போனதைக் காட்டிச் சேர்க்க மறுத்தால், முத்தவல்லியோ செயலாளரோ தகப்பனாருடன் நேரில் சென்று தலைமையாசிரியரிடம் பேசட்டும்.

முதல் கால் பொருத்தப்பட்டுப் பிள்ளை ஊருக்குள் நடந்து வரும் நாளில் பைத்துல்மால் ஏட்டில் ஒரு பக்கத்தை அந்தப் பெயருக்கு ஒதுக்குங்கள். பொருத்திய தேதி, பிள்ளையின் உயரம், எடை, சாக்கெட் உரசுகிறதா என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதில் எழுதி வாருங்கள். அடுத்த அளவெடுப்பு எந்த மாதம் என்று பொருத்தியவரிடமே கேட்டு, அந்த மாதத்தையும் அதற்கு வேண்டிய தொகையையும் இப்போதே குறித்து வையுங்கள். பெற்றோர் வந்து கேட்பதற்கு முன்பாக, அந்த மாதத்தில் ஜமாஅத்தார் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.